வெள்ளைக் கரண்டிகள்

செப்டம்பர் 6, சனி

இல்லை, தோண்டவில்லை. ஒலி வந்த இடத்தில் சப்பாத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு நகர்ந்தேன். அவ்வளவுதான்.

மெட்டல் டிடெக்டர் கிளப்பின் சனிக்கிழமைப் பயிற்சி. ஏரிக்கரைப் பூங்கா. கருவியைப் புல்லின் மேல் அரைவட்டமாக வீசிக்கொண்டு நடக்க வேண்டும். கீழே உலோகம் இருந்தால் காதில் ஒலிக்கும். ஒலித்தால் மண்டியிட்டுத் தோண்ட வேண்டும். மற்றவர்களுக்கு அந்த ஒலி ஒரு சின்னச் சந்தோஷம். வருவது பாட்டில் மூடியாக இருந்தாலும்.

பாட்டில் மூடிகளில் கிளப்பிலேயே முதலிடம் சூசைராஜ் அண்ணனுக்கு. தூத்துக்குடிக்காரர். கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். என்னைத் தவிர கிளப்பில் இருக்கும் ஒரே தமிழர்.

"என்ன தங்கச்சி, ஒன் மெஷினு இவ்ளோ நேரம் பாடுச்சே, ஒண்ணையும் எடுக்கலியா?"

"எல்லாம் குப்பைச் சத்தம் அண்ணா."

"தோண்டாம எப்படிம்மா குப்பைன்னு தெரியும்? என்னையப் பாரு, தோண்டித் தோண்டில்லா குப்பைன்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

பையிலிருந்து உளுந்து வடை ஒன்றை எடுத்துப் பிய்த்து, பெரிய பாதியை எனக்குத் தந்தார்.

வசந்தகாலத்தில் சேர்ந்தேன். கோடை முடிகிறது. என் சின்ன மண்வாரியின் பிடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.


செப்டம்பர் 9, செவ்வாய்

கடையில் நாள் முழுவதும் மற்றவர்களின் மூக்குகளுக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்தினேன். தத்துவம் படித்தவளுக்கு இது நல்ல வேலை. ஒரு கேள்வி, ஒரு பதில். தெரிகிறதா? தெரிகிறது.

மாலையில் குலம் மாமா போன் எடுத்தார். அம்மாவின் தம்பி. வன்னியில் இருக்கிறார்.

"பிள்ளை, எங்கடை காணி முழுக்கத் துப்புரவாக்கியாச்சு. கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் சிவப்புத் தடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு போட்டினம். இனி ஆரும் நடக்கலாம்."

"வீடு?"

"எங்கை வீடு? கிணறு கிடக்கு. அக்கா வைச்ச செவ்வரத்தை மரமாப் போச்சு. தை பிறக்க அத்திவாரம் வெட்டப் போறன். ஜேசிபிக்குச் சொல்லியாச்சு. அதுக்கு முன்னம் அக்கா தாட்டதை எடுக்கோணும். எந்த இடமெண்டு சொல்லன், நானே கிண்டிறன்."

"நான் வந்து எடுக்கிறன் மாமா."

"சித்திரையிலயும் உதைத்தான் சொன்னனீ. ஜேசிபிக்காரன் பாத்துக் கிண்ட மாட்டான் பிள்ளை. நொருக்கிப்போட்டுப் போயிடுவான்."

"வாறன்."

"வந்தால் சந்தோசம். தேடிற மெஷின் கிஷின் கொண்டு வந்திடாத. எயார்போட்டில ஆயிரம் கேள்வி கேப்பாங்கள்."

அம்மா தாட்டது தன் தையல் மெஷினின் தலையை. ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எல்லாம் அதில்தான் தைத்தாள். இடம்பெயர்ந்த அன்று காலை அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசி, யூரியாப் பையில் சுற்றி, இடுப்பளவு கிடங்கு வெட்டி இறக்கினாள். எனக்கு ஒன்பது வயது. "வடிவா இடத்தைப் பாத்துவை. திரும்பி வரேக்க நீதான் எனக்குக் காட்டோணும்."

பார்த்து வைத்தேன். கிணற்றுக்கட்டில் நின்று அம்மாவின் செவ்வரத்தைச் செடியைப் பார்த்தால், இரண்டுக்கும் சரியாக நடுவில்.

அம்மா போர் முடிந்த அந்த மே மாதத்தைத் தாண்டவில்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். என் இடது காது மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. டிடெக்டரின் ஒலியை வலது காதால்தான் கேட்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது.

ஆகவே எனக்குக் கருவி தேவையில்லை. இடம் தெரியும். கிளப்பில் ஏன் சேர்ந்தாய் என்று கேட்டபோது வரலாற்றில் ஆர்வம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.


செப்டம்பர் 14, ஞாயிறு

சட்டிகள் கழுவினேன். சித்திக்குப் பிரஷர் மாத்திரை வாங்கினேன். விமான டிக்கெட் விலை பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.


செப்டம்பர் 18, வியாழன்

தேவாலயத்தின் நிலவறையில் கிளப் கூட்டம். கருகிய காப்பி.

செயலாளர் ஹேசல், கிராமத்துச் சாலைகளில் தபால் கொடுத்து ஓய்வுபெற்றவர். எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும் என்று இன்னும் நினைவிருக்கிறதாம். அடுத்த மாதம் நான்காம், ஐந்தாம் தேதிகளில் எல்லோரும் சேர்ந்து வெளியே போகிறோம் என்றார். பீட்டர்பரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் பழைய குடியிருப்பு. வீடு எப்போதோ விழுந்துவிட்டது. கல் அத்திவாரமும் ஒரு லைலாக் செடியும் மிச்சம்.

"லைலாக் நிற்கும் இடத்தில் வாசல் இருந்திருக்கும்" என்றார். "காட்டில் லைலாக் தானாக முளைக்காது. யாரோ நட்டிருக்க வேண்டும்."

நான் என் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலத்துக்காரரின் நிபந்தனை ஒன்றே ஒன்று. தோண்டிய குழியை மூட வேண்டும். மாடு மேயும் நிலம். திறந்த குழியில் கால் விட்டால் மாட்டுக்குக் கால் போய்விடும். புல்லை லாட வடிவில் வெட்டி, மூடிபோல மடித்து, தோண்டி எடுத்த பிறகு மண்ணைப் போட்டு, புல்லை மறுபடி படுக்கவைத்து மிதிக்க வேண்டும். முன்னொரு காலத்தில் டேவ் என்பவர் ஒரு குழியை மூடாமல் போய்விட்டார். கிளப்பை விட்டுப் பல வருடம். இன்னும் அவர் பெயர் குழி டேவ்.

விதிகளில் இது எனக்குப் பிடித்திருக்கிறது. திறந்ததை மூடிவிட்டுப் போவது.

வெளியே வரும்போது ஹேசல் என் தோளைத் தொட்டார். "கவலைப்படாதே. புதியவர்களுக்கு நான் எப்போதும் நல்ல இடமாக ஒதுக்கிவைப்பேன்."


செப்டம்பர் 27, சனி

பயிற்சி இல்லை. பின்வளவில் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சித்தி தக்காளிப் பாத்தியிலிருந்து கூப்பிட்டாள்.

"பிள்ளை, ஒரு சில்வர் டம்ளரைத் தாட்டு வைச்சிருக்கிறன். எங்கை, கண்டுபிடி பாப்பம்."

"சின்னப் பிள்ளை விளையாட்டு."

"கண்டுபிடிக்கத் தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு."

வீசினேன். மூன்றாவது செடியின் அடியில் கருவி பாடியது. கீழே சித்தியின் டம்ளர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில்தான் தினமும் தேநீர் குடிக்கிறாள். மண்வாரி கையில் இருந்தது. நின்றேன். முழங்கால் மடங்கவில்லை.

சித்தி வந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை விலக்கி டம்ளரை எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"உதுக்கோ இவ்வளவு பெரிய மெஷின்? தாட்டவளுக்குத் தெரியாதே எங்கை கிடக்கெண்டு?"

பிறகு, முகத்தைப் பார்க்காமல்: "அந்த நேரம் நீ என்ரை காலடியிலதான் கால் வைச்சு வந்தனீ. ஒரு அடி விலகேல்லை. அதாலதான் இண்டைக்கு நிக்கிறம். நீ ஏன் கிண்டேல்லையெண்டு நான் கேக்கேல்லை."

கேட்கவில்லை. அதே டம்ளரைக் கழுவி எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள். சீனி கூடுதலாக.

பனிக்காலத்தில் நான் இப்போதும் முன்னால் போனவரின் தடத்தில்தான் நடக்கிறேன். சப்பாத்து நனையாது என்று காரணம் சொல்வேன்.


அக்டோபர் 4, சனி

சூசை அண்ணன் காரில் அழைத்துப் போனார். வழி முழுவதும் தூத்துக்குடி.

"எங்கூர்ல உப்பளம்மா. எல்லாம் தரைக்கு மேலயே வெளஞ்சு கெடக்கும். தோண்டுற சோலியே கெடையாது. அதான் இங்க வந்து இந்த ஆட்டம் ஆடுதேன்."

பண்ணை வாசலில் கம்பிக் கதவு. உள்ளே சரிவான புல்வெளி, விடியல் ஈரம் காயாமல். தூரத்தில் மாடுகள். கிளப் ஆட்கள் ஏற்கெனவே அங்கங்கே நின்று கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அத்திவாரக் கற்கள் தெரிந்தன. லைலாக் தெரிந்தது.

பிறகு சிவப்பு.

சின்னக் கொடிகள். முழங்கால் உயரம். அத்திவாரத்தைச் சுற்றி, லைலாக்கின் அடியில், அங்கொன்றும் இங்கொன்றும். சூசை அண்ணன் ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் வடைப் பொட்டலம் என்று அவற்றின் நடுவே நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அப்பிடியே நில்லுங்கோ! காலைத் தூக்காதைங்கோ!"

என் குரல் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் நின்றார். தமிழ் தெரியாத மற்ற எல்லோரும் நின்றார்கள். கருவிகள் அந்தரத்தில் நின்றன. ஒரு மாடு மட்டும் அசை போட்டது.

எனக்குத் தெரியும், இது கனடா. இது மாடு மேயும் புல். தெரிந்தும் வாய் மூடவில்லை. "திரும்பாதைங்கோ. போன தடத்திலையே பின்னாலை வாங்கோ. ஒவ்வொரு அடியா."

ஈரப் புல்லில் அவருடைய தடங்கள் கறுப்பாகத் தெரிந்தன. அந்தப் பெரிய மனிதர் தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு தடமாகப் பார்த்து, அதன் மேலேயே கால் வைத்துப் பின்பக்கமாக நடந்து வந்தார். பிளாஸ்க்கை விடவில்லை. வடையை விடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று மூச்சுவிட்டார்.

"வந்துட்டேம்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஹேசல் மெதுவாக நடந்து வந்தார். "சிந்து, அந்தக் கொடிகள் நான் வைத்தவை. நேற்று வந்து கருவியால் கேட்டுப் பார்த்தேன். நல்ல ஒலி வந்த இடங்கள். தோண்டாமல் விட்டுவைத்தேன். உன்னைப் போன்ற புதியவர்களுக்காக."

"எங்கள் ஊரில் சிவப்பு என்றால்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை.

ஹேசல் காத்திருந்தார். வராது என்று தெரிந்ததும், "சூடாகத் தேநீர் இருக்கிறது" என்றார்.

மீதி நாள் காரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியே பார்த்தேன். யாரும் கொடிகளுக்குப் பக்கத்தில் போகவில்லை. தோண்டவேண்டிய நல்ல இடங்களை எல்லாம் விட்டுவிட்டு, வேலி ஓரமாகவே நாளைக் கழித்தார்கள்.

திரும்பும்போது நெடுஞ்சாலைக்கு வந்ததும் கேட்டேன்.

"அண்ணா, ஏன் நிண்டனீங்கள்?"

"நீ நில்லுன்ன. நின்னேன்."

"ஏனெண்டு கேக்கேல்லையே."

"பாம்புன்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் ஓட்டினார். "பொறவு ஒன் மொகத்தப் பாத்தேன். பாம்பு இல்லன்னு தெரிஞ்சிது. அப்பவும் நடக்கத் தோணல."

வடைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார்.


அக்டோபர் 5, ஞாயிறு

போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஏழரைக்கு வாசல் மணி.

சித்தி கதவைத் திறந்தாள். "தம்பி, உவள் இண்டைக்கு வரேல்லையாம்."

"அக்கா, அவ வரலன்னா எனக்கு வழி தெரியாதுல்லா."

"நேற்று நீங்கள்தானே கார் ஓடினனீங்கள்?"

"நேத்து ஓட்டுனேன். இன்னிக்கு மறந்துட்டேன்."

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். "உதென்ன வடை, கல்லு மாதிரி. நேற்று இவள் கொண்டு வந்ததைத் திண்டு பல்லுப் போச்சு. நில்லுங்கோ." உள்ளே போய்த் தான் சுட்ட கடலை வடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கு. அதோடு என் சப்பாத்தையும்.

அப்படித்தான் போனேன்.

கம்பிக் கதவைத் திறந்தபோது முதலில் எனக்கு விளங்கவில்லை. சிவப்பு இல்லை. ஒரு கொடிகூட இல்லை. கொடி இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி. பிடி மண்ணுக்குள், குழி வானத்தைப் பார்த்து. சரிவு முழுவதும். ஏதோ பெரிய விருந்து முடிந்து எல்லோரும் எழுந்து போனதுபோல.

ஹேசல் ஒரு கல்லில் உட்கார்ந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் சேறு.

"மஞ்சள் கொடி தேடினேன். இங்கே இருப்பது ஒரே கடை, அதில் இருந்தது இதுதான்" என்றார். "பிளாஸ்டிக் என்பதால் கருவியும் ஏமாறாது."

நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சின்னதாக இருந்தது. தமிழில் சொன்னேன். அதுவும் சின்னதாகத்தான் இருந்தது. ஹேசல் இரண்டுக்கும் தலையாட்டினார்.

லைலாக்கின் அடியில் இருந்த கரண்டியைத் தேர்ந்தேன். இலைகள் பழுத்து உதிரத் தொடங்கியிருந்தன. கருவியை வீசினேன். வலது காதில் ஒலி. தெளிவான, உருண்டையான ஒலி. கருவியைக் கீழே வைத்தேன். காதுக் கவசத்தைக் கழற்றினேன்.

நின்றேன்.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினேன். கிளப் முழுவதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஹேசல், கிழவர்கள், சோடியாக வரும் கணவன் மனைவி, சூசை அண்ணன். எல்லோரும் ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. அதை நான் செய்ததாகச் சொல்ல முடியாது.

புல்லை லாட வடிவில் வெட்டினேன். மடித்தேன். கீழே கறுப்பு மண். எங்கள் மண்ணின் நிறம் இல்லை, எங்கள் மண்ணின் மணமும் இல்லை. ஒரு மண்புழு அவசரமில்லாமல் உள்ளே போனது. அது போகும் வரை காத்திருந்தேன். பிறகு மண்வாரியை வைத்துவிட்டுக் கையை விட்டேன். விரல்களால். மெல்ல. பக்கவாட்டிலிருந்து. யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. சித்தி டம்ளரை எடுத்த விதம் அது.

குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கையை எடுக்கவில்லை. அதை எழுதிவைக்க வேண்டும். கையை எடுக்கவில்லை.

வெளியே வந்தது ஒரு கரண்டி.

"கரண்டி!" என்று தமிழில் கத்தினேன். நேற்றைய குரலேதான். அதே உயரம்.

மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சூசை அண்ணன் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"கரண்டிக்குக் கீழ கரண்டியா! ஏம்மா, நானும் இத்தன வருசமா தோண்டுதேன், எனக்கு மூடியத் தவிர ஒண்ணும் ஆம்புட்டதில்ல!"

கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். சாதாரணத் தகரக் கரண்டி. ஹேசல் கட்டைவிரலால் மண்ணைத் துடைத்து விளிம்பைக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சப்பையாகிவிட்டிருந்தது. வலக்கைக்காரர் ஒருவர் ஒரே பானையின் அடியைப் பல காலம் சுரண்டியிருக்க வேண்டும். வாசலில் லைலாக் நட்டவராக இருக்கலாம். வேறு யாராகவும் இருக்கலாம். எப்போதோ விழுந்திருக்கிறது. தேடியிருப்பார். பிறகு போயிருப்பார்.

"வைத்துக்கொள்" என்றார் ஹேசல். "நிலத்துக்காரரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

கடலை வடையை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார் சூசை அண்ணன். காரம் தாங்காமல் ஒரு கிழவர் இருமிவிட்டு இன்னொரு துண்டு கேட்டார்.

குழியை மூடினேன். மண்ணைத் தள்ளி, புல்லை மேலே படுக்கவைத்து, இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அதன் மேலேயே.


அக்டோபர் 6, திங்கள்

சித்தி கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அக்காவும் உப்பிடித்தான், சட்டி ஓட்டையாகும் வரை சுரண்டுவா." புளி போட்டு விளக்கி, மற்றக் கரண்டிகளோடு போட்டாள்.

வேலை முடிந்து வந்து டிக்கெட் வாங்கினேன். டிசம்பர் பத்தொன்பது. இரண்டு பேருக்கு. சித்தியிடம் சொன்னபோது, "எனக்கேன் காசைக் கரியாக்கிறாய்" என்றாள். உடனே எழுந்துபோய்ப் பயணப்பெட்டியின் பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்தாள்.

மாமாவுக்கு எடுத்தேன்.

"மாமா, மண்வெட்டி ஒண்டு மட்டும் எடுத்துவையுங்கோ. நான் வரும்வரை ஜேசிபி வேண்டாம்."

"சரி சரி. இந்த முறை வருவாய்தானே?"

"வருவன். எடுத்த பிறகு கிடங்கை நான்தான் மூடுவன்."

"அத்திவாரம் வெட்டப் போற இடத்தை ஏன் பிள்ளை மூடிறாய்? நாலு நாளில அவன் வந்து திரும்பக் கிண்டுவான்."

"கிளப் விதி மாமா."

"என்ன கிளப்?"

சொன்னேன். முதலிலிருந்து, வடை உட்பட எல்லாவற்றையும். அவர் நடுவில் ஒருமுறை மட்டும் பேசினார். சிவப்புக் கொடி வந்த இடத்தில், "ஓம்" என்றார்.

பிறகு மண்வாரியைப் பின்வளவுக் குழாயில் பிடித்துக் கழுவினேன். விலைச்சீட்டு ஊறிக் கழன்றது. துடைத்து, வெயில் படும் படியில் காய வைத்தேன்.